சொத்து வரி: சதவீதத்தை ஏற்றினால் போதுமா, அடிப்படை மதிப்பையே திருத்த வேண்டுமா? (வேலூர் மாநகராட்சி)

சைதாப்பேட்டை632
ஒரு கணக்கை முன்வைக்கிறேன். 1,100 சதுர அடியில் கான்கிரீட் தளம் போட்ட இரண்டு வீடுகள். கட்டிய வருஷமும் ஒன்றுதான். ஒன்று பழைய நகராட்சி எல்லைக்குள் இருக்கிறது, மற்றது 2011-இல் மாநகராட்சியோடு சேர்த்த பகுதியில் இருக்கிறது. முதல் வீட்டுக்கு அரையாண்டு வரி 2,100 ரூபாய், இரண்டாவதற்கு 1,050. (எண்கள் கணக்குக்காகப் போட்டவை. விகிதம்தான் விஷயம்.) தெருவிளக்கும் குப்பை வண்டியும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். 2022-இல் எல்லோருக்கும் வரியைத் திருத்தினார்கள் என்றால் இந்த வித்தியாசம் அப்போதே சரியாகியிருக்க வேண்டாமா? மாநகராட்சிக்கு இதனால் நிஜமாகவே வருமானம் கூடியதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சி அரசியல் வேண்டாம்.

கேட்புப்பதிவேடு
2022-இல் நடந்தது மதிப்பீட்டுத் திருத்தமே இல்லை. ஏற்கெனவே இருந்த வரியின் மேல் ஒரு சதவீதத்தைப் போட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் கேள்விக்கான பதில் அங்கேயே இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். நம் மாநிலத்தில் சொத்து வரிக்கு ஆண்டு வாடகை மதிப்புதான் அடிப்படை. ஆனால் வீட்டுக்காரர் நிஜமாக என்ன வாடகை வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஊரைத் தெரு வாரியாக ஏ, பி, சி, டி என்று மண்டலம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பு வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டடப் பரப்பால் பெருக்க வேண்டும். கூரை கான்கிரீட்டா, ஓடா, ஷீட்டா, கட்டடத்துக்கு வயது என்ன, குடியிருப்பா கடையா என்று பார்த்துக் கூட்டிக் கழிக்க வேண்டும். வருவதுதான் ஆண்டு மதிப்பு. அதில் இத்தனை சதவீதம் வரி.

இந்த அடிப்படை மதிப்பை முறையாகத் திருத்தியது சென்னையில் 1998-இல், மற்ற நகரங்களில் 2008-இல். 2018-இல் ஒரு திருத்தம் வந்தது. சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதத்துக்கு மிகாமல், வாடகை வீட்டுக்கும் வணிகக் கட்டடத்துக்கும் 100 சதவீதத்துக்கு மிகாமல் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பி 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பின்வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பிறகு 2022 ஏப்ரல். சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 601 முதல் 1,200 வரை 50%, 1,201 முதல் 1,800 வரை 75%, அதற்கு மேல் 100%. வணிகக் கட்டடத்துக்கு 100%, தொழிற்சாலைக்கும் சுயநிதிக் கல்வி நிறுவனத்துக்கும் 75%.

இப்போது உங்கள் இரண்டு வீட்டுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். 2022-க்கு முன் ஒன்றுக்கு 1,400, மற்றதற்கு 700. இரண்டுமே 1,100 சதுர அடி என்பதால் இரண்டுக்கும் 50%. ஆக 2,100, 1,050. விகிதம் மாறவில்லை, ஆனால் 700 ரூபாய் வித்தியாசம் 1,050 ரூபாய் ஆகிவிட்டது. இத்தோடு நிற்கப் போவதும் இல்லை. 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள், ஆண்டுக்கு 6 சதவீதமோ மாநில உள்நாட்டு உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சியோ, எது கூடுதலோ அந்த அளவுக்கு வரியை உயர்த்தச் சொல்கின்றன. ஐந்து முறை 6% ஏற்றினால் 2,810-உம் 1,405-உம் ஆகும். அப்போது வித்தியாசம் 1,405 ரூபாய். அஸ்திவாரம் கோணலாக இருக்கும்போது மேலே மேலே மாடி எழுப்புகிற வேலை இது.

காட்பாடி_ஜங்ஷன்
கேட்புப்பதிவேடு சொன்னதோடு இன்னொரு கோளாறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு படிகளும் வருமான வரி மாதிரிப் படிப்படியாக ஏறுபவை அல்ல. ஒரு சதுர அடி தாண்டினாலும் மொத்தப் பரப்புக்கும் மேல்படிச் சதவீதம் விழும்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பழைய வரி சதுர அடிக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,800 சதுர அடி வீடு 75% ஏறி 3,150 ஆகும். 1,801 சதுர அடி வீடு 100% ஏறி 3,602 ஆகும். அந்த ஒரு சதுர அடிக்கு மட்டும் அரையாண்டுக்கு 452 ரூபாய்! பால்கனியை அளவில் சேர்ப்பதா வேண்டாமா என்று அளக்க வந்தவரோடு மல்லுக்கு நிற்பதற்குக் காரணம் இதுதான். விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு அளவுநாடா ஒரு சாண் நகர்ந்தாலும் காசு.

அடுத்தது பிரிப்பு. கீழே 1,000, மேலே 1,000, மொத்தம் 2,000 சதுர அடி. ஒரே வரிவிதிப்பு எண்ணில் இருந்தால் 100% ஏறி 4,000. மாடிக்குத் தனி எண் வாங்கிவிட்டால் இரண்டும் 50% படிக்குள் வந்து 1,500 + 1,500 = 3,000. அண்ணன் தம்பி நிஜமாகவே பாகம் பிரித்துக்கொண்டால் அது நியாயம். காகிதத்தில் மட்டும் பிரித்தால் மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் போச்சு.

லாங்பஜார்
> மாடிக்குத் தனி எண் வாங்கிவிட்டால்

இன்னா தலைவா, வழியைச் சொல்லியே கொடுத்துட்டீங்க. 😀 கேட்டவுடனே தனி எண் கொடுத்துடுவாங்களா?

காட்பாடி_ஜங்ஷன்
கொடுக்க மாட்டார்கள் ணா. பாகப்பிரிவினைப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ பதிவாகியிருக்க வேண்டும், அதற்கான வில்லங்கச் சான்று வேண்டும். கள ஆய்வுக்கு வருபவர் தனி வாசல் இருக்கிறதா, தனி மின் இணைப்பு இருக்கிறதா, சமையலறை தனியா என்றெல்லாம் பார்ப்பார். ஆனால் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது எல்லா வீட்டுக்கும் போய்ப் பார்க்க ஆள் ஏது? அமைப்பே பிரிக்கத் தூண்டுகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வருமான வரி போல ஏறுபடியாக வைத்திருந்தால் என்ன ஆகும்? அதே 1,801 சதுர அடிக்கு முதல் 600-க்கு 750, அடுத்த 600-க்கு 900, அடுத்த 600-க்கு 1,050, மிச்சம் ஒரு சதுர அடிக்கு 2, மொத்தம் 2,702. விளிம்புச் சண்டை ஒழியும், பிரிக்கிற ஆசையும் குறையும். ஆனால் வருமானம் 3,602-இலிருந்து கால்பங்கு இறங்கிவிடும். அதை ஈடுகட்ட வேண்டுமானால் அடிப்படை மதிப்பில்தான் கை வைக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

பாலாற்றுமணல்
வரி கட்டுகிறவர் பக்கம் பேசியாகிவிட்டது. வாங்குகிற இடத்தில் பணம் என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். சொத்து வரி முழுக்க மேயர் கையில் வந்து விழுகிறது என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

முதலில் நூலக வரி. நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு கூடுதலாக வசூலாகிறது. அது மாநகராட்சிப் பணம் அல்ல, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டியது. கையில் காசு முடை வந்தால் எந்த உள்ளாட்சியிலும் முதலில் நின்றுபோவது இந்தப் பட்டுவாடாதான். வாசகர்கள் போராடப் போவதில்லை அல்லவா.

மிச்சமும் ஒரே பெட்டிக்குள் போவதில்லை. நம் நகராட்சிக் கணக்கில் மூன்று நிதிகள் உண்டு: பொதுவான வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி. சொத்து வரிக்குள்ளேயே பொது வரி, குடிநீர் வடிகால் வரி, கல்வி வரி என்று பங்கு இருக்கிறது. குடிநீர்ப் பங்கைக் குழாய்க்கும் சாக்கடைக்கும்தான் செலவழிக்கலாம். கல்விப் பங்கைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குத்தான் செலவழிக்கலாம். சம்பளம், ஓய்வூதியம், துப்புரவு ஒப்பந்தம், தெருவிளக்கு மின்கட்டணம் எல்லாம் பொது வருவாய் நிதியின் தலையில். அந்த நிதி வற்றும்போது பக்கத்து நிதியிலிருந்து கடன் எடுப்பார்கள். அது கணக்கில் "நிதிகளுக்கு இடையேயான நிலுவை" என்று வருஷக்கணக்கில் தொங்கும். தணிக்கை அறிக்கையைப் புரட்டினால் இந்தத் தலைப்பைத் தேடிப் பாருங்கள். ஊரின் பணநிலையை இந்த ஒரே எண் சொல்லிவிடும்.

அடுத்தது மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதிக்குழு வழியாக உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வேலூர் மாதிரி ஊருக்கு இதுதான் பெரிய தூண். ஆனால் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது, கடன் தவணை என்று மேலேயே பிடித்தம் போய் மிச்சம்தான் வந்து சேரும். காவிரி கூட்டுக் குடிநீரை இத்தனை தூரம் கொண்டுவந்து குடிக்கிற ஊரில் தண்ணீர்க் காசு லேசான தொகையாக இருக்காது.

மத்திய நிதிக்குழு மானியம் இன்னொரு வகை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நகர்ப்புறத்துக்கு 1,21,055 கோடி ஒதுக்கியது. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கான பங்கில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிப்போட்டது. இந்த மானியம் கைக்கு வர வேண்டுமானால் நிபந்தனைகள் உண்டு. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட வேண்டும். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் வசூல் மாநில உற்பத்தி வளர்ச்சி அளவுக்காவது கூட வேண்டும். 2022-இல் ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. வரியை ஏற்றவில்லை என்றால் மானியமும் போகும்.

இத்தனைக்கும் நடுவில், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று கையில் நிற்கிற பணம் சொத்து வரியின் பொதுப்பங்கும் கடை வாடகையும் தொழில் வரியும்தான். ஸ்மார்ட் சிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வேலூர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, மாநில அரசு 500 கோடி என்று திட்ட வடிவம். கிரீன் சர்க்கிள் பக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் எழும்பியது, 2022-இல் திறந்தார்கள். கட்டுவதற்கு மானியம் வந்தது. கழிப்பறையைக் கழுவ, விளக்கு எரிக்க, பாதாளச் சாக்கடை நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்ட எந்த மானியமும் வராது. திட்டம் பெரிதாகப் பெரிதாகச் சொந்த வருமானத்தின் மேல் பாரம் ஏறும்.

சைதாப்பேட்டை632
பாலாற்றுமணல் சார், அப்போ வரியை ஏத்தினது சரிதான்னு சொல்றீங்களா?

பாலாற்றுமணல்
ஏற்ற வேண்டியது கட்டாயம். 2008-இல் போட்ட மதிப்பை 14 வருஷம் தொடாமல் வைத்துவிட்டு ஒரே நாளில் 100% என்றால் யாருக்கும் வலிக்கும். வருஷா வருஷம் சிறிதாக ஏற்றுவது அதைவிடத் தேவலாம். என் சண்டை ஏற்றிய விதத்தோடுதான்.

ஆபீசர்ஸ்லைன்
வசூல் பக்கத்தை யாரும் தொடவில்லையே. வரியை ஏற்றினால் கேட்புதான் (மாநகராட்சி கட்டச் சொல்லிக் கணக்கில் எழுதுகிற தொகை) கூடும், வசூல் தானாக உயராது. கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் வரி உயர்வைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

மாதிரிக்கு ஓர் ஊர். நடப்புக் கேட்பு 10 கோடி, பழைய நிலுவை 6 கோடி. வசூல் 9 கோடி: நடப்பில் 7.5, நிலுவையில் 1.5. ஆணையர் கூட்டத்தில் "75 சதவீதம் வசூல்" என்பார்கள். அது நடப்பை மட்டும் எடுத்த எண். நிலுவையையும் சேர்த்தால் 16-க்கு 9, அதாவது 56.25%. அடுத்த வருஷம் நிலுவை 6 − 1.5 + 2.5 = 7 கோடி ஆகிவிடும்.

இப்போது சராசரியாக 50% வரி உயர்வு. நடப்புக் கேட்பு 15 கோடி. ஆனால் ஆட்சேபம், வழக்கு, "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் எல்லாம் சேர்ந்து நடப்பு வசூல் 65 சதவீதமாக இறங்குகிறது என்று வையுங்கள். வருவது 9.75 கோடி. முன்பு 7.5. ஆக 50% ஏற்றியதில் கைக்கு வந்தது 30%. வசூலாகாத 5.25 கோடி நிலுவையில் போய் உட்காரும். பட்ஜெட்டில் 15 கோடியையும் வருமானமாக எழுதிவிட்டு அதை நம்பி வேலைக்கு டெண்டர் விட்டால், ஒப்பந்ததாரர் பில் பாக்கி அங்கிருந்துதான் தொடங்கும்.

நிலுவைக்குள்ளும் ஒரு பகுதி செத்த கேட்பு. ஒரு வீட்டைப் பிரித்து இரண்டு புது எண் கொடுப்பார்கள், ஆனால் பழைய எண்ணை மூட மறந்துவிடுவார்கள். அது வருஷத்துக்கு இரண்டு முறை தானாகக் கேட்பு போட்டுக்கொண்டே இருக்கும். இடித்த கட்டடத்துக்கும் வரி ஏறிக்கொண்டிருக்கும். மனையில் வீடு வந்த பிறகும் காலிமனை வரி எண் உயிரோடு இருக்கும். ஒன்றாகச் சேர்ந்த ஊர்களின் பதிவேடுகளை ஒரே கணினிக்குள் ஏற்றும்போது ஒரே வீடு இரண்டு பெயரில் வருவதும் உண்டு. மேலே சொன்ன மாதிரி ஊரில் 1.5 கோடி செத்த கேட்பு என்றால், அதை மன்றத் தீர்மானம் போட்டு நீக்கியவுடன் 14.5-க்கு 9, அதாவது 62% ஆகிவிடும். கஜானாவுக்கு ஒரு காசு கூடப் புதிதாக வராது. ஆனால் உண்மையான பாக்கிதாரர் யார் என்று தெரியும், பில் கலெக்டர் இல்லாத வீட்டைத் தேடி அலைய வேண்டாம். இதைச் செய்ய எந்த அரசாணையும் தேவையில்லை. ஆனால் நீக்கல் கோப்பில் கையெழுத்துப் போட எல்லோரும் பயப்படுகிறார்கள், நாளைக்குத் தணிக்கையில் "வருவாய் இழப்பு" என்று எழுதிவிடுவார்கள் என்று.

லாங்பஜார்
வீட்டுக்காரனை மட்டும் பிடிக்கிறாங்க. பாபு ராவ் தெரு, காந்தி ரோடு லாட்ஜுங்களுக்கு எப்படி? ஆஸ்பத்திரிக்கு வர்ற வெளிமாநிலத்துக்காரங்க மாசக்கணக்குல தங்குறாங்க. பாதி இடம் வீடுன்னு தான் கணக்குல இருக்கும்.

ஆபீசர்ஸ்லைன்
எந்தத் தெரு என்று சுட்டிக் காட்ட வேண்டாம் அண்ணா. பொதுவாகச் சொன்னால், பயன்பாடு மாறியதுதான் எந்த நகரத்திலும் பெரிய ஓட்டை. வீடு என்று மதிப்பிட்டது பிறகு அறை அறையாக வாடகைக்குப் போகும். கீழ்த்தளம் மருந்துக்கடை ஆகும். மாடியில் ஷீட் போட்டு மெஸ் நடக்கும். இதைக் கண்டுபிடிக்க வீடு வீடாக ஏற வேண்டியதில்லை. மின்வாரியக் கணக்கு இருக்கிறது. வீட்டு இணைப்பு 1ஏ டாரிஃப் (கட்டண வகை), வணிகம் 5-ஆம் டாரிஃப். வரிவிதிப்பு எண்ணோடு மின் இணைப்பு எண்ணைச் சேர்த்துவிட்டால், டாரிஃப் 5-இல் இருந்துகொண்டு வரியில் குடியிருப்பு என்று இருப்பதெல்லாம் ஒரே மதியத்தில் பட்டியலாக வந்துவிடும். ட்ரோன் அளவீடு பரப்பைக் காட்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பலன்.

ஒரு ஜாக்கிரதை: டாரிஃப் மாறியிருப்பது சந்தேகத்துக்கு மட்டும் ஆதாரம். ஒரே மீட்டரில் முன்னால் கடை, பின்னால் வீடு என்று இருக்கும். மொத்தப் பரப்பையும் வணிகமாக மாற்றி நோட்டீஸ் விட்டால் ஆட்சேபத்தில் நிற்காது. கடைப்பகுதியை மட்டும் அளந்து கலப்புப் பயன்பாடாகப் பதிய வேண்டும்.

கோட்டை_அகழி
மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். டெல்லி 2004-இல் வாடகை மதிப்பை விட்டுவிட்டுப் பரப்பலகு முறைக்கு, அதாவது பரப்பின் ஓர் அலகுக்கு இவ்வளவு மதிப்பு என்று கணக்கிடும் முறைக்குப் போனது. பெங்களூரு 2008-இல் அதே முறையைச் சுயமதிப்பீட்டோடு கொண்டுவந்து, அரசின் வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்காக அரசு வைக்கும் நில விலை) வைத்து மண்டலம் பிரித்தது. மும்பை 2010 முதல் மூலதன மதிப்பு. நிலத்தின் சந்தை விலையோடு வரியும் நகரும். ஆனால் 500 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 2022-இல் வரியையே ரத்து செய்தார்கள். எந்த முறை எடுத்தாலும் அரசியல் ஓட்டை ஒன்று விழும் போல.

உங்கள் 2,100/1,050 சமாச்சாரத்துக்கு உலகப் புகழ் பெற்ற முன்மாதிரி கலிபோர்னியாவின் 13-ஆவது முன்மொழிவு, 1978. வரி, மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கைமாறும்போது மட்டும் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. விளைவு: ஒரே தெருவில் ஒரே மாதிரி வீடு, நாற்பது வருஷமாக இருப்பவர் கட்டுவது ஒன்று, போன வருஷம் வாங்கியவர் கட்டுவது அதைப் போலப் பல மடங்கு. அங்கே உள்ளாட்சிகள் விற்பனை வரிக்கும் கட்டணங்களுக்கும் சாய்ந்தன. அடிப்படையைப் பூட்டிவைத்தால் இதுதான் கதி. நாம் சட்டம் போட்டுப் பூட்டவில்லை, திருத்தாமல் விட்டே பூட்டியிருக்கிறோம்.

கேட்புப்பதிவேடு
கோட்டை_அகழிக்கு ஒரு சின்ன மறுப்பு. வழிகாட்டி மதிப்பை அப்படியே நம் ஊரில் ஒட்ட முடியாது. காட்பாடியில் கல்லூரி மாணவர்கள் வாடகைக்கு இருக்கிற பகுதியில் மனை விலை எகிறியிருக்கும். அதே தெருவில் ஓட்டு வீட்டில் ஓய்வூதியத்தில் இருப்பவருக்கும் அதே விகிதத்தில் வரி ஏறினால் கட்ட முடியாது. மண்டலப் பட்டியலைப் புதுப்பிக்க வழிகாட்டி மதிப்பை ஓர் அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தெரு அகலம், பேருந்துப் போக்குவரத்து, பாதாளச் சாக்கடை வந்திருக்கிறதா என்பதையும் சேர்க்க வேண்டும். புது மதிப்புக்கு ஒரே தாவலில் போகாமல் மூன்று நான்கு வருஷமாகப் பிரித்து ஏற்றலாம். தாழ்ந்திருப்பவருக்கு வேகமாகவும், ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவருக்கு அந்தக் காலத்துக்கு 6% கூட இல்லாமலும். மொத்த வருமானம் குறையாது, இடைவெளி மூடும்.

திருவலம்_பாலம்
வரி போட முடியாத சொத்து பற்றி ஒரு குறிப்பு. அரசமைப்புச் சட்டம் 285-ஆவது பிரிவுப்படி மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி கிடையாது. காட்பாடி ரயில் நிலையமும் தண்டவாளத்தை ஒட்டிய இடமும் கோட்டையும் அதில் அடங்கும். ஆனால் 2009 நவம்பரில் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. வரி வாங்க முடியாது, சேவைக் கட்டணம் வாங்கலாம். எல்லாச் சேவையும் பயன்படுத்தினால் வரியில் 75%, ஒரு பகுதியைப் பயன்படுத்தினால் 50%, எதுவும் பயன்படுத்தாவிட்டால் 33⅓%. இது தானாக வராது. கட்டடம் கட்டடமாக அளந்து, பில் போட்டு, துறையோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களுக்கு இந்த விலக்கு கிடையாது, அவை தனிக் கம்பெனிகள். முழு வரி.

தொழில் வரியையும் விட்டுவிடக் கூடாது. ஆஸ்பத்திரியும் கல்லூரியும் நிறைந்த ஊர், மாதச் சம்பளக்காரர்கள் ஏராளம். ஆனால் 276-ஆவது பிரிவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு. 1988-இல் வைத்தது, இன்றும் அதேதான். சம்பளம் எத்தனை மடங்கு ஏறினாலும் மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு 1,250-க்கு மேல் கிடையாது. இதையெல்லாம் பார்த்தால் ஏன் எப்போதும் சொத்து வரியிலேயே வந்து கை வைக்கிறார்கள் என்று புரியும்.

சத்துவாச்சாரி_வள்ளி
பெரிய விஷயம் எல்லாம் சரிங்க அண்ணா. சாதாரண வீட்டுக்காரங்க தங்களோட வரி சரியா போட்டிருக்காங்களான்னு எப்படிப் பார்க்கிறது? அதையும் யாராவது எழுதுங்களேன்.

கேட்புப்பதிவேடு
நகர்ப்புற இ-பே இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் கேட்பும் நிலுவையும் வரும். எண் தெரியாவிட்டால் பழைய ரசீதில் இருக்கும். பழைய எண், புது எண் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பழைய எண்ணிலும் நிலுவை காட்டினால் அது மேலே பேசிய செத்த கேட்பு. அதற்குத் தனியாக நீக்கல் மனு கொடுக்க வேண்டும். "யாரும் கேட்கவில்லையே" என்று விட்டால் வீட்டை விற்கும்போதோ கட்டட அனுமதி கேட்கும்போதோ வந்து குறுக்கே நிற்கும்.

அடுத்தது பரப்பு. பணத்தைப் பார்க்கும் முன் சதுர அடியைப் பாருங்கள். மண்டல அலுவலகத்தில் மதிப்பீட்டுத் தாளின் நகல் கேளுங்கள். அதில் தளம் வாரியாக அளவு, கூரை வகை, கட்டிய ஆண்டு, பயன்பாடு, ஏ-பி-சி-டி எது என்று இருக்கும். தப்பு இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். மொட்டை மாடி ஷீட்டைக் கான்கிரீட் தளமாகப் பதிவது, கட்டிய ஆண்டுக்குப் பதில் பெயர் மாற்றிய ஆண்டைப் போட்டு வயதுக் கழிவை விட்டுவிடுவது, மூலை வீட்டைப் பெரிய தெருவின் மண்டலத்தில் சேர்ப்பது, இவைதான் அடிக்கடி வரும். 600, 1,200, 1,800 விளிம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற வீடு என்றால் கட்டாயம் மறுஅளவீடு கேளுங்கள்.

ஆட்சேபம் என்றால் நோட்டீஸில் போட்டிருக்கிற கெடுவுக்குள் ஆணையர் பெயருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரை வாங்குங்கள். "வரி அதிகம்" என்று எழுதினால் ஒரு வரியில் தள்ளுபடி ஆகும். "முதல் தளம் 640 என்று பதிவாகியிருக்கிறது, அளவு 585, வரைபட நகல் இணைப்பு" என்று எழுதினால் யாராவது நாடாவோடு வந்தே ஆக வேண்டும். முடிவு வரும்வரை பழைய விகிதத்திலாவது கட்டிக்கொண்டிருங்கள். தாமதத்துக்கு மாதம் 1% தனிவட்டி. 2,400 ரூபாய்க்கு மாதம் 24 என்பது அற்பமாகத் தெரியும், வழக்கு மூன்று வருஷம் இழுத்தால் 864.

ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் அந்தந்த அரையாண்டைக் கட்டினால் 5% ஊக்கத்தொகை, உச்சம் 5,000. அரையாண்டு வரி ஒரு லட்சத்தைத் தாண்டுகிற பெரிய கட்டடங்களுக்கு இந்த லாபம் அதற்கு மேல் ஏறாது. வீட்டுக்காரர்களுக்கு முழு 5 சதவீதமும் கிடைக்கும்.

பாலாற்றுமணல்
அந்த ஊக்கத்தொகை மாநகராட்சிக்கும் நல்லதே. முன்பெல்லாம் பணம் மார்ச்சில் குவியும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சம்பளத்துக்கே தள்ளாட்டம். ஏப்ரலில் பணம் வந்தால் ஒப்பந்ததாரருக்கு நேரத்தில் பில் போகும், அடுத்த டெண்டரில் அவர் தாமதத்துக்கென்று விலையை ஏற்றிப் போட மாட்டார். 5% விட்டுக்கொடுத்தது அங்கே திரும்பி வரும்.

சைதாப்பேட்டை632
நன்றி எல்லோருக்கும். மன்றத்தில் பட்ஜெட் வரும்போது வார்டு கவுன்சிலரிடம் கேட்கச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? "வரியைக் குறை" என்பதைத் தவிர.

ஆபீசர்ஸ்லைன்
இருக்கிறது. மாநகராட்சியின் நான்கு நிர்வாக மண்டலத்துக்கும் (ஏ-பி-சி-டி அல்ல) தனித்தனியாகக் கேட்பு-வசூல்-நிலுவை, நடப்பும் பழையதும் பிரித்து. வீடு, வணிகம், தொழிற்சாலை என்று வகை வாரியாக வரிவிதிப்பு எண்ணிக்கையும் சராசரி வரியும். 1,000 சதுர அடி கான்கிரீட் வீட்டுக்கு ஒவ்வொரு பழைய ஊர்ப்பகுதியிலும் இன்று எவ்வளவு வரி என்று ஒரே ஒரு பக்கப் பட்டியல். நிலுவையில் மேலே இருக்கிற நூறு பேர், அதில் எத்தனை வழக்கில் நிற்கிறது. நூலக வரி வசூலித்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு. மன்றத்தில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கேட்கலாம். எல்லாம் கணினியில் இருக்கிற விவரம்தான், தொகுக்க நேரமில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாவது பட்டியலை மட்டும் விடாதீர்கள். அது வெளியே வந்தால் 60 வார்டு கவுன்சிலர்களும் அடிப்படை மதிப்பைப் பற்றிப் பேசியே தீர வேண்டும். பாதிப் பேர் திருத்து என்பார்கள், பாதிப் பேர் தொடாதே என்பார்கள்.

லாங்பஜார்
எங்க வார்டு ரெண்டாவது பாதி ணா. 😀